புக்மார்க் ஆயிரத்தைத் தாண்டும்போது: பிரவுசரா, தனிச் சேவையா, சொந்த சர்வரா?

சென்னையில் ஒரு குடும்பம் இணையத்தில் சேர்த்துவைக்கும் லிங்குகள் வகைவகையாக இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணம், அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி, குடிநீர் வாரியத்தில் லாரிக்குப் பதிவு, வில்லங்கச் சான்று, டிஎன்பிஎஸ்சி பாடத்திட்டம், மார்கழிக் கச்சேரிப் பட்டியல், தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்தில் கண்ணில் பட்ட ஒரு பழைய நூல், அப்புறம் படிக்கலாம் என்று ஒதுக்கிய கட்டுரைகள். நூறு லிங்க் வரை எந்த முறையும் தாங்கும். ஐந்நூறைத் தாண்டினால் சேமித்தது எங்கே என்று தெரியாமல் மறுபடி கூகுளில் தேடத் தொடங்குவோம். அப்போதுதான் வேறு ஏற்பாட்டுக்கு மாறலாமா என்ற யோசனை வருகிறது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு பிரவுசரில் உள்ள புக்மார்க் வசதியே போதும். ஆனால் சேமிக்கும்போதே தலைப்பைத் திருத்தும் பழக்கம் வேண்டும். வீட்டில் ஒரு பிரவுசர், அலுவலகத்தில் ஒன்று, அலைபேசியில் இன்னொன்று என்று இருப்பவர்களுக்கு ரெயின்டிராப் போன்ற தனிச் சேவை பொருந்தும். சொந்த சர்வர், அதாவது லிங்க்குகளைச் சேமிக்கும் மென்பொருளை நீங்களே ஒரு கணினியில் ஓட்டுவது, பேக்கப் எடுக்கும் ஒழுங்கு ஏற்கெனவே உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும். எதைத் தேர்ந்தெடுத்தாலும், சேமிப்பது எவ்வளவு சுலபம் என்று பார்ப்பதைவிடத் திரும்ப எடுப்பது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். சேமிப்பு எல்லாவற்றிலும் இரண்டு தட்டில் முடிந்துவிடும். வித்தியாசமெல்லாம் ஆறு மாதம் கழித்துத் தேடும்போது தெரிவதுதான்.

வாட்ஸ்ஆப்பில் தனக்கே அனுப்பிக்கொள்வது

நம் ஊரில் அதிகம் பேர் செய்வது இதுதான் என்பதால் இதையும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். 2022 நவம்பரில் தனக்கே செய்தி அனுப்பும் வசதியை வாட்ஸ்ஆப் அறிவித்தது. அதற்கு முன்பே ஒரே ஆள் உள்ள குரூப் தொடங்கி வைத்திருந்தவர்கள் பலர். பேருந்தில் நின்றுகொண்டே ஒரு கையால் சேமிக்க இதைவிட வசதி வேறில்லை.

ஆனால் எல்லாம் வந்த வரிசையில்தான் கிடக்கும். ஃபோல்டர் இல்லை, டேக் (லிங்க்கோடு ஒட்டிவைக்கும் வகைப்பெயர்) இல்லை. அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள் மட்டுமே திருத்தலாம் என்பதால் பிற்பாடு விளக்கம் சேர்க்க வழியில்லை. அதே லிங்க்கை நான்கு முறை அனுப்பியிருந்தாலும் எச்சரிக்காது. வெறும் லிங்க்கை மட்டும் அனுப்பாமல், கூடவே இரண்டு சொல் தட்டுங்கள்: "பட்டா மாறுதல் விதி", "கத்திரி வெயில் மாடித்தோட்டம்". பிறகு தேட அந்தச் சொற்கள்தான் துணை. இதை நிரந்தர இடமாக வைக்காமல் வரவுப் பெட்டியாக வைத்து, வாரம் ஒருமுறை வேண்டியதை மட்டும் சரியான இடத்துக்கு மாற்றிக் காலி செய்தால் நன்றாகவே வேலை செய்யும். டெலிகிராமின் சேமித்த செய்திகளுக்கும் இதே கணக்குதான்.

பிரவுசரிலேயே வைப்பது

குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் வெளியே ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே வேறு வேறு. குரோமில் ஃபோல்டர் மட்டும்தான். ஃபயர்ஃபாக்ஸில் ஃபோல்டரும் உண்டு, டேக்கும் உண்டு. ஒரு பக்கத்துக்கு எத்தனை டேக் வேண்டுமானாலும் போடலாம். வீட்டுக் கடன் வட்டி பற்றிய ஒரு கட்டுரையை "வீடு" ஃபோல்டரில் வைப்பதா, "வங்கி" ஃபோல்டரில் வைப்பதா என்ற குழப்பமே அங்கே எழாது. இரண்டையும் டேக்காகப் போட்டுவிடலாம். முகவரிப் பெட்டியில் * குறியும் ஓர் இடைவெளியும் விட்டுத் தட்டினால் புக்மார்க்கில் மட்டும் தேடும். + குறி போட்டால் டேக்கில் மட்டும். குரோமில் இதற்கு இணையானது, முகவரிப் பெட்டியில் @ போட்டு ஆங்கிலத்தில் புக்மார்க்ஸ் என்று அடித்து டேப் விசையை அழுத்துவது. புக்மார்க் பட்டியல் முழுவதையும் திறக்க இரண்டிலும் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ.

ஃபயர்ஃபாக்ஸின் குறை அலைபேசியில் இருக்கிறது. கணினியில் போட்ட டேக்குகளை அலைபேசிச் செயலியில் பார்க்கவும் முடியாது, புதிதாகப் போடவும் முடியாது. நாளின் பாதித் தேடல் அலைபேசியில் என்றால் டேக்கை நம்பிப் பயனில்லை.

அதனால் நாங்கள் பரிந்துரைப்பது டேக்கைத் தலைப்புக்குள்ளேயே எழுதிவிடும் முறை. சொத்து வரிப் பக்கத்தை அப்படியே சேமித்தால் தலைப்பில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நீளமான துறைப்பெயர் வந்து உட்காரும். அதை அழித்துவிட்டு "சொத்து வரி கட்ட #மாநகராட்சி #வீடு" என்று எழுதுங்கள். மண்டலம், வட்டம், பில் எண், துணை எண் நான்கையும் பக்கத்திலேயே சேர்த்துவிட்டால் ஏப்ரலிலும் அக்டோபரிலும் பழைய ரசீதைத் தேட வேண்டியதில்லை. (பிறரோடு பகிரும் தொகுப்பில் இந்த எண்களைப் போடக் கூடாது.) இந்த முறை எந்தப் பிரவுசரிலும் செல்லும். ஃபயர்ஃபாக்ஸிலிருந்து எக்ஸ்போர்ட் செய்த (புக்மார்க் அத்தனையையும் ஒரே கோப்பாக இறக்கிய) கோப்பைக் குரோமில் ஏற்றினால் உண்மையான டேக்குகள் போய்விடும். தலைப்பில் எழுதியது போகாது.

தமிழில் தலைப்பு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கருவிகளை ஒப்பிடும்போது யாரும் இதைப் பார்ப்பதில்லை, ஆனால் தேடல் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். "கட்டணம்" என்று தேடினால் "கட்டணத்தை" என்று எழுதிய தலைப்பு அகப்படாது. வேற்றுமை ஏறும்போது சொல்லின் கடைசி மாறுகிறது, பிரவுசருக்கு அந்த இலக்கணம் தெரியாது. மாறாத பகுதியான "கட்டண" வரை மட்டும் தட்டினால் இரண்டும் வரும். "சொத்துவரி" என்று சேர்த்து எழுதினால் "வரி" என்று தேடும்போது குரோமில் கிடைக்காமல் போகலாம், ஏனென்றால் அது சொல்லின் தொடக்கத்தை வைத்துப் பொருத்துகிறது. தலைப்பில் மட்டுமாவது "சொத்து வரி" என்று பிரித்தே எழுதுங்கள்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. "சொ" என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுதான். பழைய தளத்திலிருந்து வந்த தலைப்பு இரண்டு குறியில் இருந்து, உங்கள் விசைப்பலகை ஒரு குறியில் அடித்தால் சில மென்பொருள்களில் பொருந்தாது. கண்முன் இருக்கும் தலைப்பு தேடலில் வரவில்லை என்றால் அந்தச் சொல்லை அழித்துவிட்டு நீங்களே ஒருமுறை தட்டுங்கள். யூனிகோடுக்கு முந்திய டிஸ்கி, டாப், டாம் குறியாக்கங்களில் உள்ள பழைய பக்கங்களின் தலைப்பு கிறுக்கலாகத்தான் சேமிக்கப்படும். அதற்கும் கையால் எழுதுவதுதான் வழி.

ஃபோல்டர் விஷயத்தில் எங்கள் கருத்து சற்றுக் கடுமையானது. இரண்டு அடுக்குக்கு மேல் போகாதீர்கள். கணினியில் ஐந்து அடுக்கு அழகாகத் தெரியும், அலைபேசியில் ஒவ்வோர் அடுக்கும் ஒரு தட்டு. மேல்மட்டத்தில் ஆறேழு ஃபோல்டர் இருந்தால் போதும். அன்றாடம் திறக்கும் பத்துப் பன்னிரண்டை புக்மார்க் பட்டையில் வைத்து, பெயரை அழித்துவிட்டால் சின்னம் மட்டும் நிற்கும், இடமும் மிஞ்சும்.

பிரவுசரில் நடக்கும் பெரிய விபத்து ஒன்று உண்டு. கூகுள் கணக்கில் சிங்க் ஆகிறது, அதனால் பேக்கப் இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சிங்க் என்பது எல்லாக் கருவியையும் ஒரே நிலையில் வைப்பது. அலைபேசியில் கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் சில நொடிகளில் மடிக்கணினியிலும் அழிந்துவிடும். குரோமில் கணினியின் புக்மார்க் மேலாளரில் அழித்திருந்தால் உடனே கண்ட்ரோல் இசட் அழுத்தினால் திரும்பும், விட்டுவிட்டால் சிரமம். ஃபயர்ஃபாக்ஸ் கணினியில் தானாகவே தேதி வாரியாகப் பதினைந்து பிரதிகள் வரை வைத்திருக்கும், நூலகச் சாளரத்தில் ரீஸ்டோர் கொடுத்துத் தேதியைத் தேர்ந்தெடுக்கலாம். அது இப்போது உள்ளதை முழுதும் நீக்கிவிட்டுத்தான் பழையதை வைக்கும் என்பதால் முதலில் இப்போதைய நிலையையும் எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்போர்ட் வசதி இல்லை. கணினியில்தான் செய்ய வேண்டும். கணினியே இல்லாதவர்களுக்குப் பிரவுசர் முறை பொருந்தாததற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

ரெயின்டிராப் போன்ற சேவைகள்

இவற்றில் கிடைப்பவை: எந்தப் பிரவுசரிலும் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு துணைநிரல்), ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் செயலி, டேக், ஃபோல்டர், பக்கத்தின் சிறு படம். இலவசக் கணக்கிலேயே ரெயின்டிராப் எண்ணிக்கை வரம்பு வைப்பதில்லை. பக்கத்தின் உள்ளடக்கத்திலேயே தேடுவது, பக்கத்தின் நிரந்தர நகல், இரட்டிப்பு லிங்க்குகளையும் உடைந்த லிங்க்குகளையும் கண்டுபிடிப்பது ஆகியவற்றுக்குக் கட்டணம். ஆயிரத்துக்குள் இருப்பவர்கள் இலவசத்திலேயே நிற்கலாம். ஆராய்ச்சி மாணவர், செய்தியாளர், வழக்கறிஞர் போன்றவர்களுக்கு உள்ளடக்கத் தேடல் உண்மையிலேயே காசுக்குத் தகுந்தது: தலைப்பில் இல்லாத ஒரு பெயரை வைத்து மூன்று ஆண்டுக்கு முந்திய கட்டுரையைப் பிடித்துவிடலாம்.

அச்சம் ஒன்றுதான், நாளை சேவை நின்றுவிட்டால்? இந்தத் துறையில் அது அடிக்கடி நடந்திருக்கிறது. 2003இல் தொடங்கி, டேக் போடும் வழக்கத்தையே பரப்பிய டெலிஷியஸ் கைமாறிக் கைமாறி, 2017இல் இன்னொரு புக்மார்க் சேவையான பின்போர்டிடம் விற்கப்பட்டுப் புதிதாக எதையும் சேர்க்க முடியாத நிலைக்கு வந்தது. கூகுள் புக்மார்க்ஸ் 2021 செப்டம்பரில் மூடப்பட்டது. கட்டுரைகளைப் பின்னர் படிக்கச் சேமிக்கும் ஆம்னிவோர் 2024இல் நின்றது. 2007இல் தொடங்கி 2017இல் ஃபயர்ஃபாக்ஸின் மொசில்லா வாங்கிய அதே வகைச் சேவையான பாக்கெட், 2025 ஜூலை 8 அன்று மூடப்பட்டது. எக்ஸ்போர்ட்டுக்குச் சில மாதம் அவகாசம் தந்தார்கள். கிடைத்த சிஎஸ்வி (அட்டவணை வடிவ உரை) கோப்பில் லிங்க், தலைப்பு, டேக் இருந்தன. கட்டுரைகளின் உரை இல்லை. பாக்கெட்டில் சேமித்தால் கட்டுரை பத்திரம் என்று நினைத்தவர்களுக்கு, மூலத்தளம் மறைந்திருந்தால் கட்டுரையும் போய்விட்டது.

ஆகவே எந்தச் சேவையிலும் சேரும் நாளிலேயே செய்ய வேண்டியது: பத்து லிங்க் போட்டு, டேக் இட்டு, உடனே எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். எச்டிஎம்எல் கோப்பாக வர வேண்டும். நெட்ஸ்கேப் காலத்து வடிவம் அது, இன்றைக்கும் எல்லாப் பிரவுசரும் படிக்கும். அதில் தேதியும் டேக்கும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ரெயின்டிராப் எச்டிஎம்எல், சிஎஸ்வி இரண்டும் தருகிறது. எக்ஸ்போர்ட் பொத்தானே கண்ணில் படாத சேவையை, எவ்வளவு அழகாக இருந்தாலும், தொடாதீர்கள்.

குழுவாகச் சேர்ப்பதற்கு மட்டும் வேறு கணக்கு. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கமோ போட்டித்தேர்வுக்குச் சேர்ந்து படிப்பவர்களோ என்றால் ஒரு கூகுள் ஷீட் போதும். தேதி, தலைப்பு, லிங்க், எதற்கு, சேர்த்தவர் என்று ஐந்து நெடுவரிசை. புதுச் செயலி நிறுவச் சொன்னால் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

சொந்த சர்வர்

சொந்த சர்வரில் நிறுவும் புக்மார்க் மென்பொருள்களில் லிங்க்டிங் எங்கள் முதல் தேர்வு. ஒரே டாக்கர் கண்டெய்னர் (மென்பொருளைத் தேவையானவற்றோடு பொதியாகக் கட்டி ஓட்டும் முறை), எஸ்க்யூலைட் தரவுத்தளம், ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலும் ஓடும். 9090 போர்ட்டில் திறக்கும். # போட்டு டேக்கால் தேடலாம், டேக் இடாதவற்றைத் தனியே வடிகட்டலாம். காரகீப் (2025 வரை ஹோர்டர் என்ற பெயரில் இருந்தது) பக்கத்தின் முழு நகலையும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைக்கும், செயற்கை நுண்ணறிவால் டேக்கும் போடும். ஆனால் செயலி, தேடல் இயந்திரம், பின்னணிக் குரோம் என்று மூன்று கண்டெய்னர் ஓட வேண்டும். பழைய ராஸ்பெரி பையில் மூச்சு வாங்கும்.

நிறுவும்போது தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். கண்டெய்னருக்குள் உள்ள தரவு ஃபோல்டரை வெளியே உள்ள வட்டின் ஃபோல்டரோடு இணைக்காமல் விட்டுவிடுவார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடும். முதல் அப்டேட்டில் பழைய கண்டெய்னரை நீக்கிப் புதிதை ஏற்றியதும் புக்மார்க் அத்தனையும் காணாமல் போகும். நிறுவிய உடனே ஒரு லிங்க் சேர்த்து, கண்டெய்னரை நீக்கி மறுபடி உருவாக்கி, அந்த லிங்க் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றதை ஏற்றுங்கள்.

சென்னை வீட்டில் வைத்து ஓட்டினால் மேலும் இரண்டு தடை. வீட்டு பிராட்பேண்டில் பல இணைப்புகள் ஒரே பொது ஐபி முகவரியைப் பலரோடு பகிர்கின்றன. அப்போது ரவுட்டரில் போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து அணுக முடியாது. ரவுட்டர் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் உங்களுக்கும் அதே நிலைதான். உங்கள் கருவிகளை மட்டும் தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டால் இந்தச் சிக்கல் தீரும், இணையத்துக்குக் கதவு திறந்து வைக்க வேண்டிய அபாயமும் இல்லை. இரண்டாவது மின்தடை. வடகிழக்குப் பருவமழையில் மின்சாரம் வந்து வந்து போகும்போது ராஸ்பெரி பையின் எஸ்டி கார்டு எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் நின்றால் கோப்பு கெடும். யுஎஸ்பி வழியாக எஸ்எஸ்டி, சிறிய யுபிஎஸ் இரண்டும் வேண்டும். இவற்றின் விலையைச் சேர்த்தால் "இலவசம்" என்ற கணக்கு மாறிவிடும். மாத வாடகைக்கு ஒரு சிறு விபிஎஸ் (ஒரு நிறுவனத்தின் கணினியில் இயங்கும் வாடகை சர்வர்) எடுப்பது பலருக்கு மலிவாகவே முடியும்.

லிங்க் இருந்தும் பக்கம் இல்லாவிட்டால்

2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டில் மறைந்துவிட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டது. நம் அரசுத் தளங்களிலும் முகவரி மாற்றம் சகஜம். மின்வாரியத்தின் விநியோகப் பிரிவு 2024இல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகமாக மாறியதைப் போல ஒரு துறையின் பெயர் மாறினால் தளத்தின் முகவரியும் பின்னாலேயே மாறும். பழைய லிங்க் கொஞ்ச காலம் புதியதற்குத் திருப்பிவிடும், ஒருநாள் நின்றுவிடும். எந்த முறைக்கும் இது பொது.

கட்டணப் பக்கங்களுக்கு நகல் தேவையில்லை, முகப்பு முகவரி போதும். சொல்லப்போனால் உள்நுழைந்த பிறகு வரும் பக்கத்தை புக்மார்க் செய்வதே தவறு. மறுநாள் திறந்தால் செஷன் முடிந்துவிட்டது என்றுதான் வரும். ஆனால் அரசாணை, தீர்ப்பு, மருத்துவ விளக்கம், நல்ல கட்டுரை போன்றவற்றுக்கு நகல் அவசியம். சிங்கிள்ஃபைல் என்ற இலவச எக்ஸ்டென்ஷன், பக்கத்தைப் படங்களோடு ஒரே எச்டிஎம்எல் கோப்பாக்கித் தரும். பிடிஎஃப்பாக அச்சிட்டால் வரும் பக்க வெட்டும், நகலெடுத்தால் தமிழ் எழுத்துகள் சிதறுவதும் இதில் இல்லை. படம் அதிகமானால் ஒரு கோப்பே பத்து எம்பியைத் தாண்டும் என்பதால் எல்லாவற்றுக்கும் செய்ய வேண்டாம். பொதுவெளிப் பக்கம் என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் "இப்போதே சேமி" கொடுத்து, கிடைக்கும் முகவரியையும் குறிப்பில் ஒட்டிவையுங்கள். சில தளங்கள் அதை அனுமதிப்பதில்லை.

மாறும்போது

முதலில் எல்லாப் பிரவுசரிலிருந்தும் எச்டிஎம்எல் எக்ஸ்போர்ட் எடுத்து, கோப்பின் பெயரில் தேதி போட்டு, இரண்டு இடத்தில் வையுங்கள். பிறகு புதிய இடத்தில் ஏற்றுங்கள், ஒருமுறை மட்டும். வரவில்லையோ என்று மறுபடி ஏற்றினால் அத்தனையும் இரண்டிரண்டாக விழும்.

பழைய குவியலை உட்கார்ந்து வகைப்படுத்தாதீர்கள். விடுமுறை நாள் முழுதும் போகும், பலன் குறைவு. எல்லாவற்றையும் "பழையது" என்ற ஒரே ஃபோல்டரில் தள்ளிவிட்டு, புதிதாகச் சேர்ப்பதற்கு மட்டும் தலைப்பும் டேக்கும் ஒழுங்காகப் போடுங்கள். பழையதில் எதையாவது தேடி எடுத்துப் பயன்படுத்தும்போது அதை மட்டும் திருத்தி வெளியே கொண்டுவாருங்கள். ஓராண்டு கழித்து உள்ளேயே கிடப்பது உங்களுக்குத் தேவைப்படாதது. அழிக்க மனம் வராவிட்டால் எக்ஸ்போர்ட் கோப்பில் இருக்கட்டும்.

டேக்குகளுக்கு ஒரே எழுத்துமுறை வேண்டும். "சட்டம்", "சட்டங்கள்", ஆங்கில எழுத்தில் அதே சொல் என்று மூன்றாகப் பிரிந்தால் மூன்று தனி டேக் ஆகிவிடும். ஒருமையில், தமிழில் என்று தீர்மானித்துக்கொண்டு இருபது முப்பது டேக்குக்குள் நில்லுங்கள்.

இரட்டிப்புகளைக் களையும்போது ஓர் எச்சரிக்கை. முகநூலிலிருந்தும் செய்திமடலிலிருந்தும் வரும் லிங்க்குகளின் வாலில், கேள்விக்குறிக்குப் பின், கண்காணிப்புக் குறிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வெட்டினால் ஒரே பக்கம் ஒரே லிங்க்காகிவிடும். ஆனால் கேள்விக்குறிக்குப் பின் உள்ள எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டக் கூடாது. யூடியூபில் வீடியோவின் அடையாளமே அங்கேதான் இருக்கிறது. பல அரசுத் தளங்களில் ஆவண எண்ணும் அங்கேதான். வெட்டிய லிங்க்கை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுச் சேமியுங்கள். தமிழ் விக்கிப்பீடியா லிங்க்குகளில் வரும் நீண்ட சதவீதக் குறி வரிசை குப்பையில்லை. "சென்னை" என்ற ஒரு சொல்லே அங்கே 54 எழுத்தாக நீளும், அதில் ஒன்றை வெட்டினாலும் பக்கம் திறக்காது.

ஏற்றி முடித்ததும், சிஎஸ்வி கோப்பைச் சரிபார்க்க எக்செலில் இரட்டைச் சொடுக்குப் போட்டுத் திறந்தால் தமிழ்த் தலைப்புகள் கிறுக்கலாகத் தெரியலாம். அப்படியே சேமித்துவிட்டால் கோப்பு உண்மையிலேயே கெட்டுவிடும். டேட்டா பட்டியலில் உள்ள உரைக்கோப்பு இறக்குமதி வழியாகத் திறந்து, குறியாக்கமாக 65001 யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். பிரவுசரில் புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்கி, அதில் எச்டிஎம்எல் கோப்பை ஏற்றி, நாலைந்து தமிழ்ச் சொற்களைத் தேடிப் பாருங்கள். எண்ணிக்கையும் தலைப்பும் சரியாக வந்திருந்தால் பழைய இடத்தில் உள்ளதை அழிக்கலாம்.